வானத்தின் மீது சுமத்தப்படும் பொறுப்பு: செல்யாபின்ஸ்க் விண்கல் வெடிப்பும் மக்களின் ஐயமும்

2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் உரால் மலைப்பகுதியில் அமைந்துள்ள செல்யாபின்ஸ்க் நகரின் மேல் ஒரு விண்கல் வெடித்தது. ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமும் 12,000 டன்னுக்கும் மேற்பட்ட எடையும் கொண்ட அந்தப் பாறை, நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைந்து, தரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. வெளிப்பட்ட ஆற்றல் நான்கு முதல் ஐந்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு நிகரானது, ஹிரோஷிமா மீது போடப்பட்ட குண்டைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் தொழில் நகரத்தின் வானில் இது நிகழ்ந்தும் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. ஆனால் 1,500 பேர் அளவில் காயமுற்று மருத்துவ உதவி நாடினர். 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமடைந்தன.

காயமுற்றோரில் பெரும்பாலோரைத் தாக்கியது கல் அன்று, கண்ணாடி. ஒளி உடனே வந்துவிடும். அதிர்வலையோ ஒலியின் வேகத்தில்தான் வரும். சூரியனைவிடப் பிரகாசமான ஒளி வானில் பாய்ந்தபோது மக்கள் சன்னல்களை நோக்கி விரைந்தனர். இரண்டு நிமிடங்களுக்கும் மேலாக எதுவும் நிகழவில்லை. பலரும் புகைத்தடத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணாடிக்கு அருகிலேயே நின்றிருந்த வேளையில் அதிர்வலை வந்து சேர்ந்தது. ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர், வெளியே நடப்பது என்னவென்று அறியாத நிலையிலும், 44 குழந்தைகளை மேசைகளின் கீழ் பதுங்கச் சொன்னார். குழந்தைகளுக்குக் கீறல்கூட இல்லை. அவருடைய கையைத்தான் கண்ணாடி அறுத்தது. வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடையே இருக்கும் கால இடைவெளியை எல்லோரும் அறிந்திருந்தால் அன்றைய காயங்களில் பெரும்பகுதி நேர்ந்திராது.

இந்தக் கல் வருவதை எவரும் முன்கூட்டிக் காணவில்லை. அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் தரையிலுள்ள தொலைநோக்கிகளால் பார்க்க இயலவில்லை. அதே நாளில் 2012 டி.ஏ.14 என்ற வேறொரு சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 27,700 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும் என்று வானியலாளர்கள் பல மாதங்களுக்கு முன்பே கணித்துக் காத்திருந்தனர். எதிர்பார்த்த கல் விலகிப் போயிற்று. எதிர்பாராத கல் வந்து வெடித்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது அவற்றின் பாதைகளைக் கணக்கிட்டபோது தெளிவாயிற்று.

அந்தக் கணக்கீட்டுக்குப் பெருந்துணை புரிந்தவை சாதாரண மக்களின் கார்களில் பொருத்தப்பட்டிருந்த டேஷ்கேம்கள். ரஷ்யாவில் இந்தக் கேமரா பரவியதற்குக் காரணம் வானியல் ஆர்வம் அன்று. பணம் பறிப்பதற்காக வேண்டுமென்றே காரின் முன் விழுவோர், பொய்யான விபத்துக் கோரிக்கைகள், கையூட்டு கேட்கும் போக்குவரத்துக் காவலர்கள், வாய்மொழிச் சாட்சியத்தை ஏற்கத் தயங்கும் நீதிமன்றம் ஆகிய இவற்றுக்கிடையே ஒரு வாகன ஓட்டி தன் பக்க உண்மையை நிலைநாட்ட வேறு வழி இருக்கவில்லை. நீதியமைப்பின் மீதான அவநம்பிக்கை சேகரித்து வைத்திருந்த சான்றுகள் அறிவியலுக்குப் பயன்பட்டன. வழக்குரைஞராக எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

பொதுமக்களின் முதல் எதிர்வினை அச்சமும் வதந்தியும். விமானம் விழுந்தது என்றனர், ஏவுகணை என்றனர், போர் தொடங்கிவிட்டது என்றனர். வந்த ஏவுகணையை வான்பாதுகாப்புப் படை சுட்டு வீழ்த்தியது என்றுகூடச் செய்தி உலவியது. ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் விளாதிமீர் ஜிரினோவ்ஸ்கி, இது விண்கல் அன்று, அமெரிக்கர்கள் புதிய ஆயுதத்தைச் சோதிக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். இவற்றையெல்லாம் வெளியுலக ஊடகங்கள் நகைச்சுவையாகவே எழுதின. செல்யாபின்ஸ்க் மக்களின் ஐயத்தை அவ்வாறு சிரித்துத் தள்ளிவிட முடியாது. அதற்கு 1957-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று, இதே செல்யாபின்ஸ்க் மாகாணத்தில் மாயக் என்னும் அணு ஆயுதத் தொழிற்கூடத்தில், கதிரியக்கக் கழிவு நிரம்பிய தொட்டி ஒன்று குளிர்விக்கும் அமைப்பு செயலிழந்ததால் வெடித்தது. கதிரியக்க மேகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குப் பரவிற்று. வானில் விசித்திரமான நிறங்களை மக்கள் கண்டனர். சில நாள்கள் கழித்து உள்ளூர் நாளிதழ் அதற்கு விளக்கம் வெளியிட்டது: துருவ ஒளி! மக்களை வெளியேற்றும் பணி ஒரு வாரம் கழித்தே தொடங்கியது. காரணம் சொல்லப்படாமலே ஏறத்தாழ 10,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். தொழிற்கூடம் இருந்த நகரம் வரைபடத்திலேயே இல்லாததால், அருகிலிருந்த கிஷ்திம் என்ற ஊரின் பெயரால்தான் அந்த விபத்து இன்றும் அறியப்படுகிறது. குடியுரிமை பறிக்கப்பட்டு லண்டனில் வாழ்ந்த உயிரியலாளர் ழோரஸ் மெட்வெடெவ் 1976-இல் எழுதியபோதுதான் வெளியுலகில் அது விவாதப் பொருளாயிற்று. சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1989-இல்.

அதற்கும் முன்பே, 1949 முதல் மாயக்கின் கழிவுகள் தேச்சா ஆற்றில் நேரடியாகக் கொட்டப்பட்டன. கரையோர ஊர்கள் பல காலிசெய்யப்பட்டன. ஆனால் பெரும்பாலும் தாத்தார் மக்கள் வாழ்ந்த முஸ்லியுமோவோ அங்கேயே விடப்பட்டது. இந்த நூற்றாண்டில்தான் அதன் குடியிருப்புகளை மாற்றும் திட்டம் வந்தது. நஞ்சு கலந்த ஆற்றங்கரையில் யார் விடப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு நம் வாசகர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே 2013-இல் வானம் பளிச்சிட்டபோது, "இது விண்கல்தான்" என்று அரசு சொன்னதை அந்த மாகாணத்து மக்களில் சிலர் நம்ப மறுத்தது அறியாமை அன்று. மனிதர் செய்த வெடிப்பை இயற்கை என்று ஒருமுறை ஏமாற்றப்பட்டவர்கள், மெய்யான இயற்கை நிகழ்வையும் மனிதர் செய்ததோ என்று ஐயுற்றார்கள். இம்முறை அரசு சொன்னது உண்மை. அதை மெய்ப்பித்தது அரசின் சொல் அன்று, சான்றுகள். உரால் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஓரிரு நாள்களிலேயே செபார்குல் ஏரிப் பகுதியில் கருந்தோல் படிந்த சிறு துண்டுகளைக் கண்டெடுத்தனர். பனி உறைந்த அந்த ஏரியில் விழுந்திருந்த அரை டன்னுக்கும் மேற்பட்ட பெருந்துண்டு அக்டோபரில் வெளியே எடுக்கப்பட்டது.

சேதம் 100 கோடி ரூபிளுக்கு மேல் என்று மாகாண ஆளுநர் மதிப்பிட்டார். உறைபனிக் காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளின் சன்னல்கள் உடைந்து கிடக்க, அவசரக் கண்ணாடிப் பணி நகர் முழுவதும் நடந்தது. இழப்பீட்டுக்காகச் சிலர் தம் சன்னல்களைத் தாமே உடைத்தனர் என்ற செய்தியும் உடன் வந்தது. எந்தப் பேரிடரிலும் நிவாரணம் வருமுன்பே நிவாரணம் கேட்போர் மீதான சந்தேகம் வந்துவிடுகிறது!

சட்டத்தின் பார்வையில் இங்கே யார் பொறுப்பு? விண்ணிலிருந்து விழுவது ஒரு நாடு ஏவிய செயற்கைக்கோள் என்றால் விடை உண்டு. 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பொறுப்பு உடன்படிக்கையின்படி, தரையில் நேரும் சேதத்துக்கு ஏவிய நாடே முழுப் பொறுப்பு. தவறு எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 1978-இல் அணு உலை பொருத்திய சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 கனடாவின் வடபகுதியில் விழுந்து சிதறியபோது, கனடா சுமார் 60 லட்சம் டாலர் கோரியது. 1981-இல் சோவியத் ஒன்றியம் 30 லட்சம் கனடிய டாலர் செலுத்தியது. விண்கல்லுக்கு அத்தகைய பொறுப்பாளி கிடையாது. விழுந்த கல்லுக்கு உரிமை கோருவோர் மட்டும் எப்போதும் உண்டு. 1954-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கூரையைத் துளைத்து வந்த விண்கல் ஒரு பெண்மணியின் உடலைத் தாக்கியது. அவர் வாடகைக்குக் குடியிருந்தவர். கல் தனக்கே சொந்தம் என்று வழக்காடியவர் வீட்டு உரிமையாளர். கடைசியில் 500 டாலர் பெற்றுக்கொண்டுதான் அவர் விலகினார்.

பொறுப்பாளி இல்லாத நிகழ்வு என்பதால்தான் "விண்கல்" என்ற சொல் சிலருக்கு வசதியாகிறது. 2016 பிப்ரவரி 6 அன்று, அன்றைய வேலூர் மாவட்டத்தின் நாட்டறம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நேர்ந்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். மேலும் மூவர் காயமுற்றனர். மறுநாளே அன்றைய முதல்வர் ஜெயலலிதா விண்கல் விழுந்ததால் இறப்பு நேர்ந்தது என்று அறிக்கை வெளியிட்டு, குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் அறிவித்தார். விண்கல் தாக்கி மனிதர் இறந்ததாக நவீன காலத்தில் உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு ஒன்றுமில்லை என்பதால் உலக ஊடகங்கள் திரும்பிப் பார்த்தன. வெளியான படங்களைக் கண்ட நாசா அறிவியலாளர்கள், இது தரையில் நேர்ந்த வெடிப்புக்கே பொருந்துகிறது என்றனர்.

செல்யாபின்ஸ்கை அறிந்தவருக்கு அந்த அறிக்கையின் பலவீனம் எளிதில் புலப்படும். நிலத்தில் வெடித்துக் குழி பறிக்கும் அளவுக்கு வேகம் குறையாத விண்கல், வானில் பெரும் ஒளித்தடத்தை இழுத்துவரும். பல மாவட்டங்களில் அதைக் கண்டவர்கள் இருப்பார்கள். சிறு கல் என்றாலோ காற்றின் தடையால் வேகமிழந்து, உச்சியிலிருந்து போட்ட கல்லைப் போலத்தான் விழும், வெடிக்காது.

இறந்தவரின் குடும்பத்துக்கு இது வானியல் விவாதம் அன்று. தரையில் இருந்த வெடிபொருள் என்றால், அதை அங்கே வைத்தது யார், அகற்றாதது யார் என்ற விசாரணை தொடங்கும்; அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் எழும். அபாயகரமான பொருளைக் கையாளும் நிறுவனத்துக்கு 1987-இன் எம்.சி.மேத்தா தீர்ப்பு விதித்த முழுப் பொறுப்பு, "இயற்கையின் செயல்" என்ற எதிர்வாதத்தைக்கூட ஏற்பதில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளியின் அலட்சியத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லை. ஆனால் விபத்து வேலையிலிருந்து எழுந்தது என்று காட்ட வேண்டும். வானிலிருந்து விழுந்த கல்லுக்கும் பேருந்து ஓட்டும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று எதிர்த்தரப்பு அந்த இடத்தில்தான் நிற்கும். "விண்கல்" என்ற ஒரே சொல் இந்தக் கதவுகள் ஒவ்வொன்றையும் அடைத்து, உரிமையாக வர வேண்டியதை முதல்வரின் நிவாரணமாக மாற்றிவிடுகிறது.

இத்தகைய அறிவிப்பு வரும் இடத்துக்குச் செல்லும் தோழர்கள் முதல் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியவை சில உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 194-இன் கீழான மரண விசாரணை அறிக்கையின் நகலையும் உடற்கூறாய்வு அறிக்கையையும் குடும்பத்தின் பெயரில் எழுத்துமூலம் கோருங்கள். குழியின் மண்ணும் சிதறல்களும் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டனவா, எந்தத் தேதியில், யார் முத்திரையிட்டு என்று மனுவில் கேளுங்கள். குழி மூடப்படும் முன் அளவுகோலுடன் படமெடுங்கள். அக்கம்பக்கத்தில் கேமரா உள்ள கடைகளின் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும். அவற்றைப் பாதுகாக்கும்படி காவல்நிலையத்துக்கு எழுத்துமூலம் கோரிக்கை அனுப்பி, அதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.