இரவிலும் ஓடவேண்டிய காற்றுப் பம்பு: சத்தமில்லாததைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிராங்கூன் நார்த் அவென்யூ 1இல் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் அலங்கார மீன் கடைகள் இருக்கின்றன. வார இறுதியில் பிள்ளைகளுடன் அங்கு செல்லும் பெற்றோர் பலர், பிளாஸ்டிக் பையில் நான்கைந்து தங்கமீன்களோ ஒரு டஜன் கப்பிகளோ வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்கள். கூடவே ஒரு சிறிய தொட்டி, ஒரு காற்றுப் பம்பு, ஏர் ஸ்டோன் எனப்படும் காற்றுக்கல் ஒன்று.

முதல் நாள் பகலில் எல்லாம் நன்றாகவே இருக்கும். பிரச்சினை இரவில் தொடங்கும். தொலைக்காட்சியும் மின்விசிறியும் ஓடும்போது காதில் விழாத பம்பின் ரீங்காரம், வீடு அடங்கியதும் பெரிதாகக் கேட்கும். கைக்குழந்தை சிணுங்கும். காலை வேலைக்குப் போகவேண்டியவர் புரண்டு படுப்பார். கடைசியில் யாராவது எழுந்து சுவிட்சை அடைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு மிதக்கவும் செய்யும்.

பம்பு மீன்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரம் அதே இரவுதான். ஆகவே சத்தமில்லாத பம்பை ஆடம்பரம் என்று நினைக்கவேண்டியதில்லை. இரவு முழுவதும் அடைக்காமல் விடக்கூடிய பம்புதான் மீனுக்கு உதவும் பம்பு.

இரவில் ஏன் மூச்சு முட்டுகிறது?

மீன்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வாயுவைச் செவுள் வழியாக எடுத்துக்கொள்கின்றன. தண்ணீரில் அது மிகக் குறைவு. 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் உயிர்வாயுதான் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடாகும்போது மீனின் உடல் இயக்கம் வேகமெடுத்து, அதற்கு உயிர்வாயு கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடும் நிலை அது. குளிர்சாதனம் இல்லாத சிங்கப்பூர் வீடுகளில் தொட்டித் தண்ணீர் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட இந்த நிலையில்தான் இருக்கும்.

தொட்டியில் செடிகள் இருந்தால் இரவில் நிலைமை இன்னும் இறுக்கமாகும். பகல் வெளிச்சத்தில் உயிர்வாயுவை வெளியிடும் செடிகள், இருட்டில் மீன்களைப் போலவே அதை உட்கொள்கின்றன. அடியில் தங்கிய மிச்சத் தீனியை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் அதில் பங்கு கேட்கின்றன. விடியும் வேளையில்தான் தண்ணீரில் உயிர்வாயு மிகக் குறைவாக இருக்கும்.

கடையில் கட்டித்தரும் பையில் பெரும்பாலும் உருளையிலிருந்து எடுத்த தூய உயிர்வாயுவை நிரப்புவார்கள். அதனால் மீன்கள் சில மணி நேரம் நெருக்கமாக இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். வீட்டுத் தொட்டியில் அந்த வசதி இல்லை.

குமிழி செய்யும் வேலை

குமிழிகள் மேலே வரும்போதே உயிர்வாயு முழுவதும் கரைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுத் தொட்டியின் ஆழம் குறைவு. குமிழி ஓரிரு விநாடியில் மேலே வந்துவிடும். அதற்குள் கரைவது கொஞ்சம்தான். அடித் தண்ணீரை மேலே இழுத்து வருவதும் மேற்பரப்பைக் கலக்கிவிடுவதும்தான் குமிழிகளின் முக்கிய வேலை. கலங்கும் மேற்பரப்பு வழியாகவே காற்றிலிருந்து உயிர்வாயு உள்ளே போகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, தொட்டி கொதிப்பதுபோல் குமிழி வரவேண்டியதில்லை. மேற்பரப்பு முழுவதும் மெல்ல அசைந்தால் போதும். இரண்டாவது, விளிம்பில் தொங்கும் வடிகட்டி தண்ணீரை அருவிபோல் கொட்டி மேற்பரப்பை நன்றாக அசைத்தால், மீன்கள் குறைவாக உள்ள தொட்டிக்குத் தனிப் பம்பே தேவைப்படாமல் போகலாம். சண்டை மீன் மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக்கூடியது. அதற்கு வலுவான குமிழி தொல்லைதான். தங்கமீனுக்கோ உயிர்வாயு நிறைய வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கடைகளில் அதிகம் விற்பனையாகும் பம்பின் உள்ளே ஒரு மின்காந்தம், காந்தம் பொருத்திய ஒரு சிறு கை, அதன் நுனியில் ரப்பர் சவ்வு ஆகியவை இருக்கும். சிங்கப்பூர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது என்பதால் அந்தக் கை விநாடிக்கு 50 முறை ஆடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் சவ்வு காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளும்.

இதில் மூன்று வகைச் சத்தம் உண்டு. பம்பின் உடலிலிருந்து நேரடியாகக் காற்றில் வருவது ஒன்று. பம்பு உட்கார்ந்திருக்கும் மேசை, அலமாரி, சுவர் வழியாகப் பரவும் அதிர்வு இரண்டாவது. தொட்டியில் குமிழி உடையும் சத்தம் மூன்றாவது. வீடுகளில் அதிகம் தொல்லை தருவது இரண்டாவது வகை. உள்ளே வெற்றிடமாக இருக்கும் பலகை அலமாரி, மிருதங்கத்தின் உடல்போல அதிர்வைப் பெரிதாக்கிக் காட்டும். பம்பைக் கையில் தூக்கியதும் சத்தம் பாதியாகக் குறைந்தால் குற்றம் பெரும்பாலும் பம்பில் இல்லை, அதை வைத்த இடத்தில்தான்.

அடுக்குமாடி வீட்டில் இந்த அதிர்வு தரை, சுவர் வழியாக அடுத்த வீட்டுக்கும் போகலாம். 2022இல் அமைக்கப்பட்ட அண்டைவீட்டு இரைச்சல் குறித்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரையிலான நேரத்தை அமைதி நேரமாகக் கடைப்பிடிக்கும்படி பரிந்துரைத்தது. அந்த நேரம் முழுவதும் ஓடவேண்டிய கருவி இது.

பெட்டியில் எதைப் பார்ப்பது?

முதலில் காற்றின் அளவு. நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். ஒரு கல் போட்ட இரண்டடித் தொட்டிக்கு நிமிடத்திற்கு 1 முதல் 2 லிட்டர் தரும் பம்பு பொதுவாகப் போதும். ‘பெரிதாக வாங்கினால் நல்லது’ என்று நான்கு துவாரப் பம்பை வாங்கி மூன்றை அடைத்து வைப்பது, சத்தத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

அடுத்து அழுத்தம். ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கும் பம்பு ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளவேண்டும். பெட்டியில் 0.01 மெகாபாஸ்கல் என்று இருந்தால் அது ஏறத்தாழ 1 மீட்டர் ஆழத்திற்குச் சமம். ஆனால் அந்த எல்லையில் காற்று கிட்டத்தட்ட வராது. தொட்டியின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும் பம்பாக இருந்தால் அது திணறாமல் ஓடும்.

மூன்றாவது டெசிபல். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். இரவில் அமைதியான படுக்கையறை 30 டெசிபல் அளவில் இருக்கும். ஆனால் எவ்வளவு தூரத்தில் அளந்தது என்பதைப் பெட்டி சொல்லாவிட்டால் அந்த எண்ணை அப்படியே நம்பமுடியாது. மேசைவழி பரவும் அதிர்வும் அந்த எண்ணில் தெரியாது.

இன்னொரு வகை, பீசோ பம்பு. அதில் ஆடும் கையும் காந்தமும் இல்லை. மின்சாரம் பட்டால் வளையும் மெல்லிய தகடு காற்றைத் தள்ளுகிறது. அளவில் சிறியது, சத்தம் மிகக் குறைவு. ஆனால் காற்றும் குறைவு. படுக்கையறையில் இருக்கும் சிறு தொட்டிக்கு ஏற்றது. தங்கமீன் நிறைந்த பெரிய தொட்டிக்குப் போதாது.

மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 3 வாட் பம்பு 30 நாள் இடைவிடாமல் ஓடினால் 2.16 யூனிட்தான். யூனிட்டுக்கு 30 காசு என்று கணக்கிட்டாலும் மாதம் 65 காசுதான். செலவை மிச்சப்படுத்த இரவில் அடைப்பதில் பயனில்லை.

இணையத்தில் வாங்குவோர் 230 வோல்ட் மின்சாரத்திற்கு உரியதா என்று பார்க்கவேண்டும். 110 வோல்ட் பம்பை இங்கே செருகினால் எரிந்துவிடும். பிளக், அடாப்டர் ஆகியவற்றில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் கவனிப்பது நல்லது.

கடையில் ஒரு சோதனை

வாய்ப்பிருந்தால் பம்பை ஓட்டிக்காட்டச் சொல்லலாம். வெறும் காற்றில் ஓட்டிப் பார்த்தால் போதாது. குழாயையும் கல்லையும் மாட்டி, வீட்டுத் தொட்டியின் ஆழத்திற்குத் தண்ணீரில் இறக்கவேண்டும். சுமை ஏறும்போதுதான் பம்பின் உண்மைச் சத்தம் வெளிவரும். ஒருமுறை கையில் பிடித்தும் ஒருமுறை மேசைமேல் வைத்தும் கேட்கலாம். மீன் கடையில் எப்போதும் இரைச்சல் இருக்கும் என்பதால் காதை அருகில் கொண்டுபோவது அவசியம். சீரான ரீங்காரம் சரி. இடையிடையே கடகடவென்று தட்டும் ஓசை வந்தால் வேறொன்றைக் கேட்கலாம்.

காற்றுக்கல்லும் சத்தமும்

கல்லின் துளைகள் சிறியதாக இருந்தால் குமிழி நுண்ணியதாக வரும். பெரிய குமிழிகள் ‘குளுக் குளுக்’ என்று உடையும். நுண்குமிழிகள் மெல்லிய சலசலப்போடு அடங்கிவிடும். ஆனால் துளை நுண்ணியதானால் பம்புக்குக் கூடுதல் அழுத்தம் தேவை. மிக நுண்ணிய பீங்கான் கல்லைச் சாதாரணப் பம்பில் மாட்டினால், பம்பு முனகும், குமிழியும் சரியாக வராது. வீட்டுத் தொட்டிக்குச் சாதாரண மணற்கல் அல்லது தட்டு வடிவக் கல் நடுத்தரமான தேர்வு.

பஞ்சு வடிகட்டி வைத்திருப்போர் அதன் குழாய்க்குள் சிறு காற்றுக்கல்லைப் பொருத்தினால் ஏப்பம் விடுவதுபோன்ற சத்தம் குறையும்.

கல்லில் நாளடைவில் பாசியும் அழுக்கும் அடைக்கும். அப்போது பம்பு திணறும், சத்தம் கூடும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மீண்டும் போடலாம். அப்படியும் குமிழி ஒரு பக்கமாகவே வந்தால் புதுக் கல் வாங்குவதே மேல். பம்பு பழுதாகிவிட்டது என்று தூக்கிப்போடும் முன் கல்லைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

வீட்டில் பொருத்தும் முறை

பம்பைத் தண்ணீர் மட்டத்திற்கு மேலே வைப்பது நல்லது. கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கிப் பம்புக்குள்ளும் பிறகு தரைக்கும் வரலாம். இதைத் தடுக்க ஒருவழி வால்வு என்ற சிறு பொருள் இருக்கிறது. விலை மிகக் குறைவு. வாயால் ஊதிப் பார்த்தால் எந்தப் பக்கம் காற்று போகிறது என்று தெரியும். அந்தப் பக்கம் தொட்டியை நோக்கி இருக்கவேண்டும்.

மின்கம்பி பிளக்கிற்கு நேராக இறங்காமல், ஒருமுறை கீழே தொங்கி மேலேறிச் செல்லவேண்டும். அப்போது கம்பியில் வழியும் நீர்த்துளி பிளக்கிற்குள் போகாமல் தரையில் சொட்டிவிடும்.

பம்புக்கு அடியில் தடித்த ரப்பர் பஞ்சையோ பழைய யோகா பாயின் துண்டையோ வைக்கலாம். சுவரையும் தொட்டியின் கண்ணாடியையும் பம்பு தொடக்கூடாது. துணியால் மூடி வைப்பது தவறு. பம்பு சூடாகும், காற்றும் உள்ளே போகாது.

குமிழி அதிகமாக வந்தால் குழாயை மடக்கியோ கவ்வி போட்டோ நெரிக்கக்கூடாது. அப்படிச் செய்தால் அழுத்தம் பின்னோக்கி ஏறிச் சத்தம் கூடும். ரப்பர் சவ்வும் சீக்கிரம் கிழியும். டி வடிவ இணைப்பைப் போட்டு, மிஞ்சும் காற்றை வெளியே விடுவதே சரியான வழி.

பல மாதம் அமைதியாக ஓடிய பம்பு திடீரென இரைந்தால், அடியில் காற்று உள்ளே போகும் இடத்தில் உள்ள சிறு பஞ்சில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது சவ்வு தேய்ந்திருக்கலாம். பல வகைப் பம்புகளுக்கு மாற்றுச் சவ்வு தனியாகக் கிடைக்கிறது. பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் புறப்படுவதற்கு முந்திய வாரமே இவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மின்சாரம் நின்றால் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரிப் பம்புகளும் கிடைக்கின்றன.

மீன் மூச்சுத் திணறினால்

காலையில் எழுந்ததும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் உடனே பம்பை ஓடவிடவேண்டும். பம்பு இல்லையென்றால் ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றலாம். தண்ணீரில் கால் பங்கை மாற்றுவதும் உதவும். ஆனால் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருப்பதால், இரவெல்லாம் வாளியில் பிடித்துவைத்தாலும் அது போகாது. மீன் கடையில் கிடைக்கும் நீர் பதப்படுத்தும் மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்றவேண்டும். அன்று தீனி போடாமல் இருப்பது நல்லது.

புதுப் பம்பை வாங்கி வந்த அன்றே, இரவு 11 மணிக்கு மின்விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து, படுக்கையில் படுத்துக் கேட்டுப் பார்க்கலாம். சுவிட்சை அடைக்கத் தோன்றினால் பம்பின் இடத்தை மாற்றவேண்டும், அடியில் பஞ்சு வைக்கவேண்டும், கல்லை மாற்றவேண்டும். அப்படியும் தூங்கமுடியாவிட்டால் ரசீதோடு கடைக்குப் போய் மாற்றிக் கேட்கலாம். எது செய்தாலும் அன்றிரவு பம்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும்.