பத்து வருட வாரன்டியில் உங்களுக்கு எத்தனை வருடம்?

2025-ல் அக்டோபர் 20 தீபாவளி. பண்டிகைத் தள்ளுபடியும் அதோடு முடிகிறது என்று கடைகள் சொல்லின. வாஷிங் மெஷின் வாங்கக் காத்திருந்த வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டியைக் குறைத்தார்களே, வாஷிங் மெஷினுக்கு எவ்வளவு குறைந்தது?

ஒரு பைசாகூடக் குறையவில்லை. அன்று 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியவை ஏ.சி., 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி., பாத்திரம் கழுவும் மெஷின் போன்றவை. வாஷிங் மெஷினுக்கான வரி 2018 ஜூலை 27 முதலே 18 சதவீதம்தான். செப்டம்பர் 22 வரிக்குறைப்பை மத்திய அரசு ‘சேமிப்புத் திருவிழா’ என்று கொண்டாடியது. எந்தப் பொருளுக்குக் குறைந்தது, எதற்குக் குறையவில்லை என்பது அந்தக் கொண்டாட்டத்தில் அமுங்கிப் போனது. அப்போது கிடைத்த தள்ளுபடி வருடாவருடம் கிடைக்கும் பண்டிகைத் தள்ளுபடியே. விற்பனையாளர் “ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு சார்” என்றால் பில்லில் வரி விவரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மத்திய வரி 9, மாநில வரி 9 என்றே இருக்கும். போன வருடமும் அப்படித்தான் இருந்தது.

எம்.ஆர்.பி. பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு அது. அந்த விலைக்கு யாரும் மெஷின் விற்பதில்லை. ஆகவே அதிலிருந்து இத்தனை சதவீதம் தள்ளுபடி என்ற கணக்குக்கு மதிப்பில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் கடை, பெரிய ஷோரூம், ஆன்லைன் என்று மூன்று இடத்தில் விலை கேட்பவர்கள், வீட்டில் கொண்டுவந்து பொருத்திக் கொடுக்க மொத்தம் எவ்வளவு என்று ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும். ஸ்டாண்டு, கூடுதல் குழாய், மாடி ஏற்றும் கூலி எல்லாம் அதற்குள் வர வேண்டும். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மெஷின் நிறத்துக்கும் விற்பனை வழிக்கும் ஏற்ப வேறு வேறு வால் எழுத்துகளோடு வருவதுண்டு. “அந்தக் கடையில் இருப்பது வேறு மாடல்” என்ற பதிலுக்கு அது வசதியாகிவிடுகிறது.

விலையில் ஆயிரம், இரண்டாயிரம் முன்பின் இருக்கலாம். பெரிய பணம் போவது வாரன்டியில்.

கதவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ‘10 வருட வாரன்டி’ என்கிறது. சில கம்பெனிகள் 12 என்றும் 20 என்றும் போடுகின்றன. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘மோட்டாருக்கு மட்டும்’ என்று இருக்கும். முழு மெஷினுக்கான வாரன்டி பெரும்பாலும் இரண்டு வருடம். சிலர் நான்கு வரை தருகிறார்கள். அந்தக் காலம் முடிந்த மறுநாளிலிருந்து ஸ்டிக்கரில் எஞ்சியிருக்கும் எட்டு வருடமும் ஒரே ஒரு பாகத்துக்கானது.

அந்தப் பாகம் எது என்பதில்தான் சூட்சுமம். இன்றைய இன்வெர்ட்டர் மோட்டாரில் பழைய மோட்டாரைப் போலத் தேய்கிற கார்பன் பிரஷ் கிடையாது. மெஷினிலேயே மிகக் குறைவாகக் கெட்டுப்போகும் பாகங்களில் அது ஒன்று. ஆனால் அதனால் தானாகச் சுற்ற முடியாது. எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று நொடிக்கு நொடி சொல்ல ஓர் எலக்ட்ரானிக் போர்டு வேண்டும். அந்த போர்டு மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும் ஈரக் காற்றிலும் பழுதாகக் கூடியது. போர்டு போனால் மோட்டார் நின்றுவிடும். வாடிக்கையாளர் மோட்டார் வாரன்டியை நம்பி போன் செய்வார். மெக்கானிக் வந்து பார்த்து, மோட்டார் நன்றாக இருக்கிறது, போர்டுதான் மாற்ற வேண்டும் என்பார். அவர் சொல்வது உண்மைதான். மோட்டார் என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள், அதை ஓட்டும் போர்டு அதில் சேராது என்பதையும் அதே அளவு எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

போர்டு மட்டுமல்ல, டிரம் பேரிங், தண்ணீர் உள்ளே விடும் வால்வு, வெளியேற்றும் பம்பு, கதவு ரப்பர் எல்லாமே இரண்டு வருடத்துக்குப் பிறகு உங்கள் செலவு. மோட்டாரே கெட்டாலும் புது மோட்டார் மட்டும் இலவசம். வந்து பார்க்கும் கட்டணம், கழற்றி மாட்டும் கூலி, அவற்றின் மீதான வரி ஆகியவை பல கம்பெனிகளின் அட்டையில் வாடிக்கையாளர் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

வடசென்னைக்கு இதில் கூடுதல் இழப்பு உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று. பால்கனியிலோ பின்கட்டிலோ வைத்த மெஷினின் தகட்டில் சீக்கிரமே துரு ஏறும். மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்தது 1960களின் இறுதியிலேயே தெரியவந்த விஷயம். காட்டுப்பள்ளியில் கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-ல் வந்த பிறகும் துணி துவைக்க போர் தண்ணீரை நம்பும் தெருக்கள் நிறைய. அந்தத் தண்ணீரின் படிவு வால்வின் வடிகட்டியையும் ஃப்ரண்ட் லோடு மெஷினின் ஹீட்டரையும் அடைக்கிறது. துரு, உப்புத் தண்ணீரின் படிவு, எலி கடித்த ஒயர், வெள்ளம் எல்லாம் பெரும்பாலான வாரன்டி அட்டைகளின் ‘பொருந்தாது’ பட்டியலில் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் வீடுகளுக்குள் வந்தது. அப்படி மூழ்கிய மெஷினுக்கு எத்தனை வருட வாரன்டி இருந்தும் பயனில்லை. அதற்கு வீட்டுக் காப்பீடுதான் வழி. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி வெள்ளத்தையும் உள்ளடக்கியது; வாடகை வீட்டுக்காரர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

இன்னொரு நிபந்தனையைக் கடையில் யாரும் படித்துக் காட்டுவதில்லை. சர்வீஸ் சென்டர் இருக்கும் நகராட்சி அல்லது மாநகராட்சி எல்லைக்கு வெளியே மெஷின் இருந்தால், மெக்கானிக் வரும் போக்குவரத்துச் செலவை வாடிக்கையாளரே தர வேண்டும், அல்லது மெஷினை அவரே கொண்டுவர வேண்டும் என்கிறது பல அட்டைகளில் உள்ள ஒரு வாசகம். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் எண்ணூர்க்காரர்கள் தப்பித்தார்கள். ஆற்றைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகர், மீஞ்சூர், காட்டுப்பள்ளி என்றால் எல்லைக்கு வெளியே. ராயபுரத்துக் கடையில் ராயபுரத்துக்காரர் கொடுத்த அதே விலையைக் கொடுத்து வாங்கிய அத்திப்பட்டுத் தொழிலாளிக்குக் குறைந்த வாரன்டி. இது அநியாயம். வீட்டு முகவரியைச் சொல்லி, சர்வீஸ் இலவசமாக வருமா என்று பில் போடும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வாரன்டி எந்த நாளில் தொடங்குகிறது என்பதிலும் அரசின் பேச்சும் நடைமுறையும் வேறு வேறு. பில் தேதியிலிருந்து கணக்கிடாமல், வீட்டில் பொருத்திய தேதியிலிருந்து கணக்கிடும்படி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024 பிப்ரவரியில் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. நல்ல யோசனை. ஆனால் அது வேண்டுகோள்தான், சட்டம் ஆகவில்லை. ஆகவே பொருத்திய தேதியை அட்டையில் எழுதி, கடை முத்திரையோடு வாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சட்டத்தில் வாடிக்கையாளருக்குச் சாதகமான ஒரு வாசகம் உண்டு, அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. ஒரு பொருள் இத்தனை காலம் உழைக்கும் என்று சரியான சோதனை இல்லாமல் வாரன்டி கொடுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சோதித்தோம் என்று கம்பெனி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியதும் கம்பெனிதான். பத்து வருட, இருபது வருட ஸ்டிக்கர்களுக்கு எந்தச் சோதனை அடிப்படை என்று அரசே முன்வந்து கேட்டிருக்கலாம்.

மீதிக் கேள்விகள்.

கடை விற்கும் எக்ஸ்டெண்டட் வாரன்டி வாங்கலாமா? மெஷின் கம்பெனியே தருவதென்றால், போர்டும் கூலியும் அடங்குமானால், வாங்கலாம். வேறொரு நிறுவனம் தரும் திட்டமென்றால், வருடத்துக்கு வருடம் மதிப்பைக் கழித்து உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வட்டியில்லாத் தவணை உண்மையா? கிரெடிட் கார்டில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, அந்தத் தொகையைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள். வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்.

மேல்தொட்டி இல்லாத வீட்டுக்கு எது? செமி ஆட்டோமேட்டிக். குடத்தில் ஊற்றியும் ஓட்டலாம். முழு ஆட்டோமேட்டிக்குக்குத் தொட்டி மெஷினைவிடச் சுமார் 10 அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

ஆன்லைனா, தெருமுனைக் கடையா? விலை ஒன்றென்றால் தெருமுனைக் கடை. பழுது வந்தால் நேரில் போய்க் கேட்க ஆள் இருக்கிறது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருந்தால்? குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள்.

விடுதிக்கு வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் வணிகப் பயன்பாடு என்று வாரன்டியை மறுப்பார்கள்.

எதை வாங்குவது? விலை ஒன்றாக இருந்தால், மோட்டாருக்கு 20 வருடம் தரும் மெஷினைவிட முழு மெஷினுக்கு நான்கு வருடம் தருவதே இந்தக் கடலோரத்துக்கு மேல்.

எங்கே புகார் செய்வது? முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் பரவாயில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்கு அதற்கு மேல் இழுக்கும் என்று எதிர்பார்த்தே போக வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். பில், வாரன்டி அட்டை, மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும்.