மண்ணுக்குக் கீழே இருக்கும் சதுர அடி

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் மண் உறைந்து புடைக்கும். அதனால் வீட்டின் அஸ்திவாரம் அந்த உறைமட்டத்துக்கும் கீழே இறங்கியாக வேண்டும். எப்படியும் தோண்டத்தான் போகிறோம், இன்னும் சில அடி தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடுமே என்ற கணக்கில்தான் மினசோட்டா, ஒஹாயோ பக்கத்து வீடுகளில் பேஸ்மென்ட் சகஜமானது. பலர் அதற்குச் சுவர் பூசி, தரை போட்டு, ஹீட்டர் வைத்துக் குடியிருக்கும்படி ஆக்கிக்கொள்கிறார்கள். வீட்டை விற்கும்போதுதான் சிக்கல். மேலே 1,500 சதுர அடி, கீழே 900 என்றால் வீடு 2,400 சதுர அடி என்பார் உரிமையாளர். வீட்டின் விலையைக் கணிக்கும் மதிப்பீட்டாளர் 1,500 என்றுதான் எழுதுவார். 900ஐத் தனி வரியில் காட்டுவார்.

இதற்கு அடிப்படை ‘ஆன்சி இசட்765’ என்ற அளவீட்டு விதி. வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே நிறுவனம், தன்னிடம் வரும் மதிப்பீடுகளுக்கு இதை 2022 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கியது. ஒரு தளத்தின் ஏதாவது ஒரு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருந்தாலும், அந்தத் தளம் முழுவதும் கீழ்த்தளமே. சரிவான மனையில் பின்பக்கம் கண்ணாடிக் கதவைத் திறந்து நேரே தோட்டத்துக்கு நடந்து போகலாம், வெயிலும் தாராளமாக வரும். ஆனாலும் மற்ற பக்கங்களில் மண் அணைந்திருப்பதால் அது பேஸ்மென்ட்தான். உரிமையாளர்களுக்கு எரிச்சலூட்டும் விதி. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி அளந்தால்தான் ஒரு வீட்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

தனி வரியில் போவதால் மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது. செலவழித்த தொகையும் அப்படியே மதிப்பாகிவிடாது. அதே பகுதியில் அண்மையில் விற்ற, ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மட்டும் குடியிருக்கும்படி ஆக்கிய பேஸ்மென்ட் இருந்தால், வாங்குகிறவர்கள் அதற்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விலை வித்தியாசத்தைப் பார்த்து மதிப்பீட்டாளர்கள் கணிப்பார்கள். கீழ்த்தளச் சதுர அடிக்குப் பெரும்பாலும் மேல்தளத்தைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

நேரில் பார்க்கும்போது புதுப் பெயின்டைவிட, சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா, ஈர வாடை வீசுகிறதா என்பதுதான் முக்கியம். படுக்கையறை என்று சொல்லும் அறையின் ஜன்னலும் கவனிக்கப்படும். பல ஊர்கள் பின்பற்றும் கட்டட விதிப்படி, தீ விபத்தில் ஆள் வெளியேறும் அளவுக்கு அது திறக்க வேண்டும். அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அப்படி ஜன்னல் இல்லாத அறையைப் படுக்கையறைக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல.

கலிஃபோர்னியாவில் பேஸ்மென்ட் அரிது. அங்கே பேச்செல்லாம் ஏ.டி.யூ. எனப்படும் துணை வீட்டைப் பற்றித்தான். தனி வாசல், சமையலறை, குளியலறை, படுக்க இடம் எல்லாம் கொண்ட இதைக் கொல்லையில் புதிதாகக் கட்டுவார்கள், அல்லது கராஜை மாற்றியமைப்பார்கள். 2017இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டங்கள் அனுமதி பெறுவதை எளிதாக்கின. தனிக் கட்டடமாக நிற்கும் துணை வீட்டின் பரப்பும் முதன்மை வீட்டோடு கூட்டப்படுவதில்லை.

துணை வீட்டோடு விற்ற வீடுகள் அக்கம்பக்கத்தில் போதிய அளவு கிடைக்காவிட்டால், கட்டுமானச் செலவும் வரக்கூடிய வாடகையும் துணைச் சான்றுகளாகும். அனுமதியில்லாமல் கட்டியது என்றால் மதிப்பீட்டாளர் அதை அறிக்கையில் மறைக்க முடியாது. அதே போன்ற அனுமதியற்ற கட்டடத்தோடு விற்ற வீடுகளைத் தேடிக் காட்ட வேண்டியிருக்கும். 2023 அக்டோபரில் மத்திய வீட்டுவசதி நிர்வாகமான எஃப்.எச்.ஏ., இருக்கிற துணை வீட்டின் உத்தேச வாடகையில் 75 சதவீதம் வரை கடன் கேட்பவரின் வருமானத்தில் சேர்க்கலாம் என்று அறிவித்தது. அந்த வாடகையைக் கணித்துக் கொடுப்பதும் மதிப்பீட்டாளரின் வேலையாயிற்று.