சுவிட்சுக்கும் ஒரு நியூட்ரல் வேண்டும்

மகாராஜபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கும் செல்போனில் இயக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் வரத் தொடங்கிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், முழங்கால் வலியோடு எழுந்து போய் விளக்குப் போட வேண்டாமே என்று பெற்றோருக்கு வாங்கி அனுப்புகிறார்கள். மாட்டிய கொஞ்ச நாளில் புகார் எழுகிறது: அணைத்த எல்இடி பல்பு ராத்திரியெல்லாம் மினுக்குகிறது, சுவிட்ச் அடிக்கடி வைஃபையை விட்டு விலகிப்போகிறது. கம்பெனி சரியில்லை என்பார் ஒருவர், லோ வோல்டேஜ் என்பார் இன்னொருவர். அந்தச் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாதாரணச் சுவிட்சுக்கென்று மின்சாரம் எதுவும் தேவையில்லை. பாதையைச் சேர்க்கும், பிரிக்கும், அவ்வளவுதான். அதனால், தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து வயரிங் செய்த காலத்தில், சுவர் உச்சியில் ஓடும் லைனிலிருந்து பேஸை மட்டும் சுவிட்சுக்கு இறக்கி, அங்கிருந்து பல்புக்கு ஒரு வயரை ஏற்றினார்கள். நியூட்ரல் மேலேயே நேராகப் பல்புக்குப் போய்விட்டது. அன்றைய தேவைக்கு அது சரியான வேலை, வயரும் மிச்சம். ஸ்மார்ட் சுவிட்சுக்குள்ளோ ஒரு சிறு கணினியும் ரேடியோவும் இருக்கின்றன. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்தால்தான் போன் சொல்வதைக் கேட்கும். நியூட்ரல் இல்லாத பெட்டியில் அதற்கு ஒரே வழி, பல்பு வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டுப் பிழைப்பது. விளக்கு அணைந்திருக்கையில் 230 வோல்ட்டும் சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையே நிற்பதால் இது ஓரளவு நடக்கும். விளக்கு எரியும்போது சுவிட்ச் மூடியிருக்கிறது. முனைகளுக்கு இடையே வோல்டேஜே கிடையாது. அப்போது மிகச் சிறு இடைவெளிகளில் பாதையைத் திறந்து, கிடைத்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும்.

குண்டு பல்பு இருந்தவரை இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரிந்திருக்காது. 60 வாட் குண்டு பல்பு எரிய, கால் ஆம்பியருக்குச் சற்று அதிகமாக மின்சாரம் ஓட வேண்டும். சில மில்லியாம்பியர் ஓடினால் அதன் இழை சிவக்கக்கூடச் செய்யாது. 9 வாட் எல்இடி அப்படியல்ல. அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் கசிவைத் துளித்துளியாகச் சேர்க்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் ஒருமுறை பளிச்சிட்டு, மறுபடி சேர்க்கத் தொடங்குகிறது. ராத்திரி மினுக்கலுக்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் வீட்டுச் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலும் இதே கதைதான். பழைய தெர்மோஸ்டாட் 24 வோல்ட் பாதையைச் சேர்த்துப் பிரிக்கும் வெறும் சுவிட்ச். அதற்கு ‘சி வயர்’ எனப்படும் திரும்பு வயர் வேண்டியிருக்கவில்லை. 2011இல் வந்த நெஸ்ட் தெர்மோஸ்டாட், அந்த வயர் இல்லாத வீடுகளிலும் பாதையிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சித் தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. பல வீடுகளில் ஓடியது. சில வீடுகளில் பேட்டரி வற்றியது. இன்று நெஸ்ட்டுக்கென்றே தனி பவர் கனெக்டர் விற்பனையில் இருக்கிறது. செய்தவர்களே தனி சப்ளைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ராஜபாளையத்து மில் எலக்ட்ரீசியனுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மூன்று பேஸ் மோட்டார் நியூட்ரல் இல்லாமலே ஓடும். ஆனாலும் அதை இயக்கி நிறுத்தும் பேனலுக்குக் கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் வைத்துத் தனியாகச் சப்ளை கொடுப்பது தொழிற்சாலை வழக்கம். மோட்டார் நின்றாலும் பேனல் விழித்திருக்க வேண்டும். மில்லுக்குப் பொருந்தும் இந்த விதி வீட்டுக்கும் பொருந்தும்.

‘நியூட்ரல் தேவையில்லை’ என்று அட்டையிலேயே அச்சடித்த சுவிட்சுகள் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன, வேலையும் செய்கின்றன. வைஃபையைவிடக் குறைவாக மின்சாரம் கேட்கும் ஜிக்பீ வகையாக இருந்து, பல்புக்குப் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரும் போட்டால் மினுக்கல் பெரும்பாலும் அடங்கும். சுவரைத் தொட முடியாத வாடகை வீட்டுக்கு அது போதும். சொந்த வீட்டில் ஒவ்வொரு பல்பையும் சுவிட்சுக்கு ஏற்றபடி பார்த்துப் பார்த்து வாங்குவது தலைவலியை வாங்கிக்கொள்வதுதான்.

இன்னொரு யோசனை ஆபத்தானது: எர்த் வயர்தான் இருக்கிறதே, அதை நியூட்ரலாக்கிவிடலாம் என்பது. சுவிட்சும் ஓடும், அதனால்தான் அது ஏமாற்றும். எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி உள்ள வீட்டில், இந்தக் கசிவு சேரச்சேர அது விழுந்துகொண்டே இருக்கும். ஆர்சிசிபி இல்லாமல் எர்த் எங்கோ அறுந்தால், அதோடு இணைந்த ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடம்பில் மின்சாரம் ஏறும். பக்கத்து சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்குவதும் கூடாது. ஒரு எம்சிபியை இறக்கிவிட்டு வேலை செய்பவர் பாதுகாப்பு என்று நம்பித் தொடும் வயரில், மற்ற சர்க்யூட்டின் மின்சாரம் திரும்பிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் லைன் தனியாக ஓடும் வீடுகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

செலவு பெரிது என்பதுதான் மிச்சமிருக்கும் தடை. ஆனால் வீடு முழுக்கச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பிளக் பாயின்ட்டோ தனி இண்டிகேட்டர் விளக்கோ உள்ள பலகையில் நியூட்ரல் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. அவை நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யாது. ஒற்றைச் சுவிட்ச் மட்டும் உள்ள குளியலறை, மாடிப்படி, திண்ணைப் பெட்டிகளில்தான் பற்றாக்குறை இருக்கும். அங்கே பிவிசி கேசிங்கில் ஒரு வயரை இறக்கலாம். அல்லது பேஸும் நியூட்ரலும் சந்திக்கும் மேல் ஜங்ஷன் பெட்டியிலேயே சிறிய ஸ்மார்ட் ரிலேயை வைத்து, சுவர்ச் சுவிட்சை அதற்குக் கட்டளை சொல்லும் பொத்தானாக மட்டும் விட்டுவிடலாம். கறுப்பு வயர் எல்லாம் நியூட்ரல் என்று நம்பக் கூடாது. பழைய வீட்டில் கையில் கிடைத்த நிறத்தை இழுத்திருப்பார்கள். டெஸ்டர் எரியாத வயர் எர்த்தாகவும் இருக்கலாம், பல்புக்குப் போகும் வயராகவும் இருக்கலாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் மெயினை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. அவரை அழைத்த கையோடு, தளர்ந்துபோன பழைய அலுமினிய இணைப்புகளையும் எர்த்தையும் சோதிக்கச் சொல்வது வீட்டுக்கு நல்லது. ஸ்மார்ட் சுவிட்ச் சில வருடங்களில் பழசாகி மாறும். இன்று இறக்கிய நியூட்ரல் அடுத்து எந்தக் கம்பெனி சுவிட்ச் வந்தாலும் அதற்கும் உதவும். எனவே பழைய வீட்டில் முதல் ரூபாய் வயருக்குப் போகட்டும்.