தீவகத்தில் மனநெருக்கடியும் உதவி பெறும் வழியும்

தீவகத்திலே ஒருவரைப் பாம்பு தீண்டினால் ஊரே திரண்டுவிடும். நள்ளிரவாயினும் வள்ளக்காரர் எழுப்பப்படுவார். தூக்குவார் இருவர், விளக்குப் பிடிப்பார் ஒருவர், கூடச் செல்வார் நால்வர். அதே ஊரில் ஓர் இளைஞன் மூன்றிரவு துயிலின்றிச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தால், அல்லது குடும்பத் தலைவர் ஒருவர் ‘நான் இருந்து ஆவதென்ன’ என்று அடிக்கடி கூறத் தொடங்கினால், அவ்வீட்டுப் படலை சாத்தப்படுகின்றது. ஊர் அறியலாகாது என்பதே முதற் கவலையாகின்றது. இரண்டும் உயிராபத்தே. பின்னையதில் செய்யத்தக்கன யாவையென்று நம் பழைய மாணவர்க்கும் இன்று பயில்வோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

மறைப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. வீட்டிலே கலியாண வயதிற் பெண்ணொருத்தி இருப்பின் ‘விசர்க் குடும்பம்’ என்ற பேச்சு அவள் வாழ்வைக் கெடுத்துவிடுமென்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அங்கொடை என்ற பெயரும் அவ்வச்சத்தை வளர்த்தது. கொழும்பை அடுத்த அங்கொடையில் 1926 ஆம் ஆண்டிலே பெரிய மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டபின், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நோயாளர் அங்கு அனுப்பப்பட்டனர். நெடுந்தீவிலிருந்து சென்ற ஒருவரைப் பார்த்துவரக் கடலும் தரையுமாக நெடும்பயணம் செய்தல் வேண்டும். ஏழைக் குடும்பத்தார்க்கு அஃது இயலுவதன்று. உறவினரால் மறக்கப்பட்டு அங்கேயே முதிர்ந்தோரும் உளர். ‘அங்கொடைக்கு அனுப்பு’ என்பது நம்மூர்ச் சிறுவர்க்கும் வசைமொழியாயிற்று. இன்று அந்நிலையம் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பெற்றுள்ளது. அதனினும் முக்கியமானது யாதெனில், யாழ்ப்பாண மாவட்டத்தார் அத்துணைத் தூரம் செல்லவேண்டிய தேவை பெரும்பாலும் நீங்கியமையாகும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. இதனை அறியாதார் தீவகத்தில் இன்னும் பலர்.

தீவக மக்களின் மனம் பட்ட பாட்டையும் ஈண்டு ஒருவாறு நினைத்தல் தகும். 1985 மே 15 இல் குமுதினிப் படகிலே பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட கொடுமையையும், 1990 ஐ அடுத்த காலத்தில் ஊர்கள் வெறிச்சோடிப் போனமையையும் கண்டவர்கள் இன்று முதியோராய் இருக்கின்றனர். அவருள் எத்தனையோ பேரின் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமுதாயத்தையுமே வடுப்படுத்துவதைப் பல நூல்களிலும் கட்டுரைகளிலும் விளக்கியுள்ளார்.

நிற்க. எதனை நெருக்கடி என்பது? துயரம் யாவர்க்கும் வரும், அது நோயன்று. ஆயின் பலநாள் உறக்கமின்மை, உணவை மறுத்தல், பிறர்க்குக் கேளாத குரல் தமக்குக் கேட்பதாகக் கூறுதல், வீட்டாரே நஞ்சிடுகின்றனர் என்று ஐயுறுதல், இறப்பைப் பற்றிப் பேசுதல், அருமையாய்ப் போற்றிய பொருள்களைத் திடீரென எடுத்துக் கொடுத்துவிடுதல் ஆகியவற்றை வாளாவிருந்து பார்த்தல் கூடாது. பிள்ளை பெற்ற சில நாள்களிலோ வாரங்களிலோ தாய் நிலைதடுமாறிப் பேசுவாளாயின் அன்றே வைத்தியரைக் காட்டுக. தாய் சேய் இருவர்க்கும் ஆபத்துண்டு. அங்ஙனமே, நெடுநாட் குடித்தவர் குடியைத் திடீரென நிறுத்தி இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, இல்லாத பூச்சிகளையும் உருவங்களையும் காண்பாராயின், அது பேயுமன்று, நடிப்புமன்று. வைத்தியசாலையில் மருந்து பெறாவிடின் உயிரையே மாய்க்கவல்லது. கடுங்காய்ச்சல், தலையிற் பட்ட அடி, நீரிழிவுக்காரர்க்குச் சர்க்கரை குறைதல் என்பனவும் புத்தியைத் தடுமாறச் செய்வனவாதலின், திடீரென மாறியவரை முதலில் பொது வைத்தியரே பார்த்தல் வேண்டும்.

இறக்க எண்ணுகிறாரோ என்ற ஐயம் எழுந்தால் அவரிடமே கேட்டுவிடுக. கேட்பதனால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலரும் கருதுகின்றனர். அது பிழை. ‘தம்பி, சாகவேணும் எண்டு நினைக்கிறியா?’ என்று அன்போடு நேரே கேட்டவரிடம் மனந்திறந்து அழுதவர் பலர். கேட்பாரின்றியே பலர் போயினர். கேட்டபின் உபதேசம் வேண்டா. ‘உனக்கென்ன குறை’ என்பதும், ‘பெற்றோரை நினைத்துப் பார்’ என்பதும் அவ்வேளையில் குத்துமொழிகளே. அவர் கூறுவதைக் கேட்டுக்கொண்டு அருகிலிருத்தலே பேருதவி. ஒரு நொடியும் தனியே விடாது, தோட்டத்து நஞ்சுகளையும் வீட்டிலுள்ள மருந்துகளையும் அவர் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்துக. இதன் பயனை நம் நாடே உலகிற்குக் காட்டியுள்ளது. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் மூன்றிலொரு பங்கிற்கும் கீழாக இறங்கியது. இறக்கும் எண்ணம் பெரும்பாலும் அலைபோல எழுந்து தணிவது. அது தணியுமட்டும் காத்தாற் போதும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

யாதேனும் உட்கொண்டுவிட்டார் என்று அறிந்தால், அவர் நன்றாயிருப்பதுபோலத் தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. பொலிசுக்கு அஞ்சி மறைத்தோர் முன்னாளில் உளர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

எங்கே கொண்டுசெல்வது? வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதியார்க்கு ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை அண்மையிலுள்ளது. அங்கிருந்து தேவைக்கேற்ப யாழ்ப்பாணத்திற்கோ தெல்லிப்பழைக்கோ அனுப்புவர். 2018 யூலையில் வடமாகாணத்திற்கு விரிவாக்கப்பட்ட இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆயின் அவ்வண்டி கடலைத் தாண்டமாட்டாது. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் தத்தம் தீவு வைத்தியசாலைக்கே முதலிற் செல்லல் வேண்டும். நோயாளியை நேரே குறிகட்டுவானுக்குக் கொண்டுபோக முயல்வது தவறென்பது எம் கருத்து. மனங்கலங்கியவரை ஏறத்தாழ ஒருமணி நேரம் திறந்த கடலிற் கொண்டுசெல்வது ஆபத்து. வைத்தியர் பார்த்து, வேண்டுமாயின் அமைதிப்படுத்தும் மருந்தளித்து, வைத்தியசாலை ஒழுங்கு செய்யும் படகிலேயே துணையோடு அனுப்புதல் முறை. கயிற்றாற் கட்டிக் கொண்டுசெல்வதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

வீட்டிலிருந்தபடியே ஆலோசனை பெற 1926 என்ற எண் உண்டு. மேற்கூறிய தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் அது; பகலிலும் இரவிலும் பேசலாம். அச்சம் விளைத்த அங்கொடை தொடங்கிய ஆண்டே உதவி எண்ணாய் அமைந்தது வியப்பே. நோயாளி பேச மறுத்தால் வீட்டாரே பேசி வழி கேட்கலாம். வைத்தியசாலையை நாடக் கூசுவோர் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமேனும் சொல்லட்டும். வீடு வீடாய்ச் செல்பவராதலின் அவர் வருவதை எவரும் ஐயுறார்.

கோயிலுக்குக் கொண்டுபோதல் ஆகாதா என்று கேட்பார் பலர். நயினை நாகபூஷணி அம்பாள் சந்நிதியிலே அமைதி பெறும் உள்ளங்களை நாமறிவோம். நேர்த்தி வைப்பதும் திருநீறிடுவதும் நூல் கட்டுவதும் மருந்துக்குப் பகையல்ல. பேராசிரியர் சோமசுந்தரம் போன்றோரும் மந்திரம் உருவேற்றல், மூச்சுப் பயிற்சி முதலிய நம் மரபு முறைகளைச் சிகிச்சைக்குத் துணையாகக் கொண்டனர். மருந்தை நிறுத்தச் சொல்லும் பூசாரியும், கட்டி அடிக்கச் சொல்லும் மந்திரவாதியுமே விலக்கத்தக்கோர். பாக்குநீரிணைக்கு அப்பால், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகத்து 6 ஆந் திகதி விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓடவியலாது மாண்டனர். தர்காவின் அருளை நாடி உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அன்பில்லாமல் விட்டார் என்று அவ்வுறவினரைப் பழித்தல் தகாது. வேறு வழி அவர்க்கு எவரும் காட்டவில்லை.

நெருக்கடி தணிந்தபின் வரும் மாதங்களே தீவகத்தார்க்குக் கடினமானவை. குணமானதுபோலத் தோன்றியதும் மருந்தை நிறுத்திவிடுகின்றனர், நோய் மீளுகின்றது. வாடைக்காற்றுக் காலத்திலும் சோளகம் உரக்கும்போதும் படகு நின்றுவிட்டால் கிளினிக் தவறுகின்றது. ஆதலின் காற்றுக் காலம் தொடங்குமுன்னரே வைத்தியரிடம் நிலைமையைக் கூறி, மேலதிகமாகச் சில வார மருந்து கேட்டு வாங்கி வைத்தல் நன்று. அம்மருந்து நோயாளியிடமன்றிப் பொறுப்பான வேறொருவரிடம் இருத்தல் வேண்டும்.

இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் எம் பழைய மாணவர்க்கு ஒன்று கூறவேண்டும். ஊரிலிருந்து தாயோ தமையனோ நள்ளிரவில் அழுது பேசினால், அங்கிருந்து 1926 ஐ அழைத்தல் இயலாது. வீட்டிற்கு உடனே நடந்து செல்லக்கூடிய அயலவர் ஒருவர், தீவு வைத்தியசாலை, குடும்பநல உத்தியோகத்தர், நம்பிக்கையான வள்ளக்காரர் ஆகியோரின் தொலைபேசி எண்களை இன்றே கேட்டு எழுதிக்கொள்க. அயலவரை முதலில் அழைத்து அவர் வீட்டினுள் நுழைந்தபின்னரே மற்றையோரை அழைக்கவும். அதுவரை தாயின் அழைப்பைத் துண்டிக்காமல், வீட்டிலுள்ள வேறொருவரைக் கொண்டு மற்றைத் தொலைபேசியிற் பேசுவிக்கவும்.