வெடிப்பு விழாத அலுமினியம்

விமானத்தில் சென்றவரும், சென்றவரை வழியனுப்பியவரும் நம்மிடையே பலர் உண்டு. பல விமானங்களின் உடற்சட்டங்களில் 7075 என்னும் அலுமினியக் கலவை இடம்பெற்றுள்ளது. துத்தநாகம், மக்னீசியம், செம்பு ஆகியவை சேர்ந்த உறுதிமிக்க கலவை அது. ஆயினும், லேசர் கதிரால் உலோகத் துகளை உருக்கி, படலத்தின்மேல் படலமாக அடுக்கி உறுப்புகளை ஆக்கும் புதிய முறைக்கு அது நெடுநாள் வசப்படவில்லை. உருகியது இறுகும்போது படிகங்கள் தூண்களைப்போல் நீண்டு வளரும். அவற்றின் இடுக்குகளில் எஞ்சிய குழம்பு சுருங்கும். உடனே வெடிப்பு விழும். விமான உறுப்பில் ஒரு கீறல் என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2017-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள எச்.ஆர்.எல். ஆய்வுக்கூடத்தார் 'நேச்சர்' ஏட்டில் இதற்கொரு வழியை வெளியிட்டனர். கற்கண்டு காய்ச்சுவோர் பாகினுள் நூல் கட்டுவதை அறிந்திருப்பீர்கள். படிகம் பற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டுமல்லவா? ஏறத்தாழ அதே கருத்துத்தான். அலுமினியத் துகள்களின்மீது சிர்க்கோனியத்தின் மிகநுண்ணிய துகள்களை ஒட்டவைத்தனர். உருகிய குழம்பில் இரண்டும் கூடி எண்ணற்ற பிடிமானங்களாயின. தூண்களுக்குப் பதிலாக மணிமணியான சிறு படிகங்கள் எங்கும் தோன்றின, வெடிப்பு ஒழிந்தது. வழக்கமான முறையில் செய்த அலுமினியத்துக்கு ஈடான உறுதியும் கிட்டியது. 6061 என்னும் மற்றொரு கலவையிலும் இதே பலனைக் கண்டனர்.