கெடு தப்பினால் மூன்றரை வட்டி! கடன் அட்டைத் தீர்ப்பும் நாமும்

கடன் அட்டை இன்று பட்டணத்து உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் உரியதன்று. தொண்டூர், செஞ்சி வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருப்போரும் அவசரக் கொள்முதலுக்கு அட்டையைத் தேய்க்கிறார்கள். ஆகவே அட்டை வட்டி பற்றிய தீர்ப்பு நம் கல்லாவைத் தொடும் விஷயம்.

கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டாதவர்களிடம் வங்கிகள் ஆண்டுக்கு 36 முதல் 49 சதவீதம் வரை வட்டி வாங்குவது குறித்து வழக்கு வந்தது. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 7-7-2008 அன்று தீர்ப்பளித்தது. ஹெச்.எஸ்.பி.சி. உள்ளிட்ட வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டுகள் கழித்து, 20-12-2024 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. தமிழகத்தில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் குற்றமாயின. தெருவில் வாங்கினால் குற்றம், அச்சடித்த நிபந்தனைத் தாளில் போட்டு வாங்கினால் குற்றமில்லையா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே.

ஆனால் தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வட்டி நல்ல வட்டி என்று நீதிமன்றம் சான்று வழங்கவில்லை. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் கொள்கைக்கு உட்பட்டது. வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கணக்கை நீதிமன்றம் மறுபடி திறக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு கூறுகிறது. நிபந்தனைகள் அட்டைதாரருக்கு முன்பே தெரிவிக்கப்பட்டவை. அந்த ஒப்பந்தத்தை மாற்றி எழுத ஆணையத்துக்கு அதிகாரமில்லை. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்பதில்லை. அமெரிக்காவில் தாமதக் கட்டணத்தை 8 டாலராகக் குறைத்து நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 மார்ச்சில் விதி செய்தது. வங்கிகளின் சங்கங்களோடு அந்நாட்டு வர்த்தக சபையும் சேர்ந்து வழக்குப் போட்டது. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. வர்த்தகர் சபை ஒன்று வங்கிகள் பக்கம் நின்றதை நம் சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

இனி நம் கணக்குக்கு வருவோம். 20,000 ரூபாய் பில்லில் குறைந்தபட்சத் தொகையாக 1,000 ரூபாய் மட்டும் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 19,000 ரூபாய்க்கு மாதம் மூன்றரை வட்டி என்றால் 665 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 120 ரூபாய். ஆக 785 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விடுகிறது. பாக்கி நின்றால் புதிதாக வாங்கும் சரக்குக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையா. சர்க்கரையிலும் எண்ணெயிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் நிற்பதே பெரிது. மூன்றரை வட்டியை எந்தச் சரக்கு தாங்கும்?

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளையும் உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். கெடு தேதி கழிந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆன பின்பே தாமதக் கட்டணம் போடலாம். அதையும் கட்டாமல் நின்ற தொகைக்குத்தான் போடலாம். முழு பில்லுக்கும் போடக்கூடாது. மாறாகப் போட்டிருந்தால் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை.

நுகர்வோர் ஆணையத்தின் வாசல் அடைபட்டது உண்மை. ஆனால் உச்ச வரம்பு விதிக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கியிடம் இருப்பதாக அதே தீர்ப்பு நமக்குச் சுட்டிக்காட்டுகிறது. மனுக்கள் போக வேண்டிய இடம் அதுவே. ஊருக்கு ஊர் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவோம். அதுவரை, முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்ட முடியும் என்றால் மட்டுமே அட்டையைத் தேய்ப்போம்.